டெஸ்மன்ட் வளைத்த ஓடை

டெஸ்மன்ட் வெட்டிய வடிகால் கானுக்கு யாரும் நூல் பிடித்துப் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை. இந்த முனையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தால் அந்த முனையில் நிற்பவனின் சப்பாத்து தெரியும். அப்படி நேர். பெக்கோ என்று நம்மவர் சொல்லும் மண் வெட்டும் இயந்திரத்தில் அவர் ஏறி இருபத்தாறு வருடமாகிறது. மெல்போர்னின் தென்கிழக்கே, கிரான்பர்னுக்கு அப்பால் மாடு மேய்ந்த வெளியெல்லாம் வீட்டுக் காணிகளாக மாறிய காலத்தில், முதலில் நிலத்தைக் கீறிய கைகளில் அவருடையதும் ஒன்று. ஆங்கிலம் தடுமாறும். லீவர் தடுமாறாது.

"இந்த மனுசன் பாண் வெட்டினாலும் தண்டவாளம் போட்ட மாதிரித்தான் வெட்டும்" என்பார் மனைவி மாக்கிறேட். அவர் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்பவர். வெட்டுவதைப் பற்றிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

மன்னார்ப் பக்கம் பேசாலைதான் டெஸ்மன்டுக்குப் பிறந்த இடம். எட்டாம் வகுப்போடு அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா, பள்ளிக்கூடம் அவரை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. சண்டைக் காலத்தில் அக்கா ஸ்பொன்சர் பண்ணி இங்கே எடுத்தார். முதல் இரண்டு வருடம் காளான் பண்ணையில் இருட்டுக்குள் குனிந்தே கிடந்தார். பிறகு ஒரு கொம்பனியில் மண்வெட்டி. ஒரு நாள் ஓட்டுநர் வராமல் போக, இவர் பெக்கோவில் ஏறி அவன் இரண்டு நாளில் செய்கிற வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு இறங்கினார். அன்றோடு மண்வெட்டி போனது.

இரண்டாயிரத்து ஏழில் கிரான்பர்னுக்குப் பின்பக்கம் ஓர் ஓடை இருந்தது. பெரிய ஓடை என்று சொல்ல முடியாது. பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும், நாணல் நிற்கும், தவளை கத்தும். வீடுகள் வரப்போகின்றன, ஓடையை நேராக்கிக் கொங்கிறீற் போடு என்றார்கள். போட்டார். ஒன்றரைக் கிலோமீற்றர், ஒரு வளைவு இல்லை. மேற்பார்வை செய்தவன் வந்து பார்த்துவிட்டுத் சுடுகிற துவக்குக் குழல் மாதிரி இருக்கிறது என்று முதுகில் தட்டினான். அந்த வாரம்தான் மகள் றொஷானி பிறந்தாள். டெஸ்மன்ட் சந்தோசத்தில், ஈரம் காயாத கொங்கிறீற்றில் ஆணியால் அவள் பெயரைத் தமிழில் எழுதி, திகதியும் போட்டுவிட்டு வந்தார். ஓடைக்கு அதற்குப் பிறகு பெயர் இல்லை. வரைபடத்தில் நாலாம் வடிகால் என்று இருந்தது.

பதினெட்டு வருடம் கழித்து அதே இடத்துக்கு அவரைத் திரும்ப அனுப்பினார்கள். இந்த முறை உடைப்பதற்கு.

விசயம் இதுதான். நேராக்கிய கானில் மழைத்தண்ணீருக்கு நிற்க இடமில்லை. விழுந்த வேகத்தில் ஓடிக் கீழே இருக்கிற வீடுகளின் காராஜுக்குள் புகுந்தது. மழை விட்ட மறுநாள் கானில் சொட்டும் இல்லை. மண்ணுக்குள் எதுவும் இறங்கவில்லை. கோடையில் கரையோர மரங்கள் நின்றபடியே செத்தன. மழைத்தண்ணீரை மெதுவாக நடக்க விட்டு, ஆங்காங்கே தேங்க விட்டு, நிலத்துக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று படித்தவர்கள் எழுதினார்கள். மாநில அரசு நீரேந்து பகுதிகளை மீட்கப் பொது நிதி ஒதுக்கியது. கவுன்சில் விண்ணப்பம் போட்டது, கிடைத்தது.

"நேராக்கவும் எங்கட வரிக்காசு, கோணலாக்கவும் எங்கட வரிக்காசு" என்றார் டெஸ்மன்ட்.

"உங்களுக்கென்ன, ரெண்டு தரமும் சம்பளம்" என்றார் மாக்கிறேட்.

ஆனால் அந்த நிதியில் ஒரு பிடி இருந்தது. முதற் கட்டம் முன்னூறு மீற்றர்தான். அதைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவார். அவர் சரி என்றால்தான் மிச்சத்துக்கு, மேலே சதுப்பு நிலம் வரைக்கும், இரண்டாம் கட்ட நிதி. சரியில்லை என்றால் அந்தப் பணம் வேறு ஊர் ஓடைக்குப் போய்விடும். டெஸ்மன்டின் முதலாளி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இரண்டாம் கட்டம் வந்தால் நீதான் அந்த இடத்துக்குப் பொறுப்பாளன், இரண்டு வருட வேலை, வீட்டிலிருந்து பத்து நிமிடம். வராவிட்டால் ஜீலோங் பக்கம் அனுப்புவேன்.

ஜீலோங் என்றால் விடிய நாலு மணிக்கு முதல் எழும்பிக் காரில் ஏற வேண்டும், மெல்போர்னைக் குறுக்கறுத்துப் போக வேண்டும், இருட்டிய பிறகு வந்து விழ வேண்டும். முன்னரும் நாலு வருடம் அப்படி ஓடியவர்தான். றொஷானி வளர்ந்ததை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தார். இப்போது அவளுக்குப் பல்கலைக்கழகம். வீட்டில் இருந்து போய் வருகிறாள். இன்னும் எத்தனை வருடம் இருப்பாளோ தெரியாது. இரவுச் சாப்பாட்டை மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

உடைக்கிற வேலை சுலபமாக முடிந்தது. மகளின் பெயர் இருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

றொஷானி குனிந்து பார்த்தாள். "சீரியஸ்லி அப்பா? கானுக்கையா என்ர பேரை எழுதினீங்கள்?"

"அந்த நேரம் என்னட்டை இருந்த நல்ல இடம் அதுதான் பிள்ளை."

அது இப்போது பின்வளவுத் தண்ணீர்க் குழாயடியில் கால் கழுவுகிற கல்லாகக் கிடக்கிறது.

வளைக்கிற வேலையில்தான் மனிதர் திணறினார். கவுன்சில் வைத்த ஹெலன் என்ற பெண், ஓடை படித்தவள். வளைவுக்கு நீலப் பூச்சால் அடையாளம் போட்டுக் கொடுப்பாள். டெஸ்மன்ட் வெட்டுவார். அவள் வந்து பார்த்துத் தலையை ஆட்டுவாள். வளைவு வளைவாகத்தான் இருக்கும், ஆனால் எல்லா வளைவும் ஒரே அச்சு. கரை மேசை மாதிரி வழுவழுவென்று இருக்கும். தண்ணீருக்கு உரசி உரசிப் போக இடம் வேண்டும், கரடு வேண்டும், பள்ளம் வேண்டும், கொஞ்சம் அழகில்லாமல் வெட்டு டெஸ் என்பாள். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் யாரும் அழகில்லாமல் வெட்டச் சொன்னதில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

விடிவு வந்தது மச்சானால். மாக்கிறேட்டின் அண்ணன் கிறிஸ்ரியன்தான் ஆவணியில் நம்மவர் இங்கே கொண்டாடும் மன்னார் மடு மாதா திருநாளுக்குச் சமையல் பொறுப்பு. நானூறு பேருக்கு ஆட்டுக்கறி. அவர் ஒரு நாள் டெஸ்மன்டுக்குப் போன் எடுத்தார். டெஸ்மன்ட் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெட்டிக்கொண்டே கதைத்தார்.

"மச்சான், விறகு எங்கையடா எடுக்கிறது? கடையில சின்னச் சின்னப் பையில போட்டு நகை மாதிரி விக்கிறாங்கள்."

"காஸில சமையுங்கோவன்."

"காஸிலயோ? மாதாட திருநாள் கறியைக் காஸிலயோ? உன்ர வாயை ஒருக்காக் கழுவு!"

"போன வருசக் கறி விறகிலதானே வைச்சனீங்கள்? நாய் கூட மணந்து பாத்திட்டுப் போனது."

"எந்த நாய்? நீ மூண்டு கோப்பை திண்டனீ!"

அரை மணி நேரம் சண்டை. போனை வைத்துவிட்டு டெஸ்மன்ட் திரும்பிப் பார்த்தால் கரை ஒரு பக்கம் சரிந்து, ஒரு பக்கம் பொத்தலாக, நடுவில் ஒரு குழியோடு குடிகாரன் வெட்டியதுபோல் கிடந்தது. திருத்தலாம் என்று லீவரைப் பிடிக்கும்போது ஹெலன் ஓடி வந்தாள். கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதுதான், இதுதான், எப்படிச் செய்தாய் என்று கேட்டாள்.

அன்று முதல் கரை வெட்டுகிற நாட்களில் டெஸ்மன்ட் மச்சானுக்குத் தானே போன் எடுத்துச் சண்டையைத் தொடக்கிவிடுவார். அந்த முன்னூறு மீற்றரில் உள்ள ஒவ்வொரு நல்ல வளைவுக்கும் பின்னால் ஒரு வாக்குவாதம் இருக்கிறது.

அடுத்தது கட்டைகள். ஓடைக்குள் மரக்கட்டை போட வேண்டும், மீன் ஒளிய, தண்ணீர் தயங்கிச் சுற்ற. இதை ஹெலன் விளக்கத் தொடங்கியபோதே டெஸ்மன்ட் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். பேசாலையில் கணவாய் மீன் பிடிப்பவர்கள் கடலுக்குள் இலைக்கொப்புகளைக் குழையாகக் கட்டி இறக்குவார்கள். குழை இருக்கிற இடத்துக்குக் கணவாய் தானாக வரும். "இது குழை போடுற வேலை. எனக்குத் தெரியும்" என்றார். வீதி அகலிக்க வெட்டிய மரங்களில் இருந்து நாற்பத்திரண்டு கட்டை வந்து இறங்கியது. ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்த சின்னத் தகடு. பெரியவை இருபதையும் இரும்புக் கம்பியால் நிலத்தோடு பூட்டினார்கள். சின்னவை இருபத்திரண்டும் பூட்டாமல் சும்மா கிடத்துபவை. நாலு பேர் சேர்ந்தால் தூக்கலாம். எந்தக் கட்டை எந்த வளைவில் எந்தச் சரிவில் கிடக்க வேண்டும் என்பது ஹெலனின் தாளிலும் இருந்தது, டெஸ்மன்டின் தலையிலும் இருந்தது.

ஒரே ஒரு குறைதான் மிச்சம். நிதிப் பத்திரத்தில், ஊர்ச்சனம் அறுநூறு மணி நேரம் இந்த ஓடையில் வேலை செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. பொதுப் பணம் என்றால் பொதுமக்களின் கையும் அதில் பட வேண்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் வந்தவர்கள் ஒரு செடி நட்டார்கள், ஒரு படம் எடுத்தார்கள், கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். பார்வையிடுகிற திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்பு இருநூற்றுப் பதினாலு மணி நேரம்தான் தேறியிருந்தது. ஹெலனின் முகம் விழுந்துவிட்டது. அந்தச் சனி ஞாயிறு அவள் தாயைப் பார்க்கப் பெண்டிகோவுக்குப் போக வேண்டியிருந்தது. எப்படியாவது ஆட்களைக் கூப்பிடு டெஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டெஸ்மன்ட் மச்சானைக் கூப்பிட்டார். மறுநாள் மாதா திருநாள் என்றாலும் கிறிஸ்ரியன் சனிக்கிழமை காலை முப்பது பேரோடு வந்து இறங்கினார். மண்வெட்டி, கத்தி, விளக்குமாறு, சங்கிலிவாள், லொறி என்று ஒரு பட்டாளம். மத்தியானம் வரை நன்றாகத்தான் நட்டார்கள். மத்தியானம் பெக்கோவின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. புதிய குழாய் வாங்க டெஸ்மன்ட் டண்டினோங்குக்குப் போக வேண்டியதாயிற்று.

போகும்போது சொன்னார்: "அத்தான், திங்கக்கிழமை காசு குடுக்கிற இடத்தில இருந்து பெரிய ஆள் வருது. இடம் கிளீனா இருக்கோணும். ஒரு குப்பை கிடக்கப்படாது."

"நீ போட்டு வா மச்சான். பிஷப் வந்தா எப்பிடி இருக்குமோ அப்பிடி வைச்சிருப்பன்."

அந்த வார்த்தையில் டெஸ்மன்டுக்கு மனம் குளிர்ந்தது. குளிர்ந்திருக்கக் கூடாது.

மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால், ஓடை திருநாள் வளவு மாதிரி இருந்தது. இலை சருகு ஒன்று இல்லை. கரையோரக் கற்களைப் பொறுக்கி இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள், ஒரே அளவு இடைவெளியில். நாற்றைச் சுற்றி மண் கூட்டிப் பெருக்கியிருந்தது. ஓடைக்குள் இரும்புக் கம்பியால் பூட்டிய இருபது பெரிய கட்டையும் அசையாமல் கிடந்தன. சின்னவை இருபத்திரண்டில் ஒன்றுமில்லை. கரையில் இழுத்த தடம். தடத்தின் முடிவில் லொறி ரயர் அடையாளம்.

டெஸ்மன்ட் ரயர் தடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு விறகு ஞாபகம் வந்தது.

போன் அடித்தார். கிறிஸ்ரியன் எடுக்கவில்லை. காரில் ஏறிக் கேரம் டவுன்ஸ் பக்கம், திருநாளுக்கு எடுத்திருந்த மண்டபத்துக்கு விட்டார். போகிற வழியெல்லாம் இருபத்திரண்டு கட்டையும் நெருப்புக்குள் நிற்பதுதான் கண்ணில் வந்தது.

மண்டபத்துப் பின்வளவில் புகை கண்ணைக் கரித்தது. வெங்காயம் வெட்டுகிற பெண்களோடு மாக்கிறேட், வேலை முடிந்து நேரே வந்தவர். அடுப்புக்கு முன்னால் கிறிஸ்ரியன், இடுப்பில் துவாய், முகமெல்லாம் கரி.

"வா மச்சான்! பாத்தியே, கூலி வாங்காமக் கிளீன் பண்ணித் தந்தனான். எவ்வளவு கட்டை குப்பையாக் கிடந்தது! உனக்கும் துப்புரவு, எனக்கும் விறகு."

"அத்தான், அந்தக் கட்டை எங்கை?"

"நாசம் பிடிச்ச கட்டை. மூண்டுதான் காய்ஞ்சது, அடுப்புக்கை நிக்குது. மற்றதெல்லாம் தண்ணி குடிச்சுப்போட்டுக் கிடக்குது. பத்த வைச்சாப் புகைதான் வருது. அந்தா, மதிலோட எறிஞ்சிருக்கிறன்."

டெஸ்மன்ட் மதிலடிக்கு ஓடி எண்ணினார். பத்தொன்பது. வாள் படவில்லை, தகடுகளும் அப்படியே. மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

"அது குப்பையில்லை. அரசாங்கம் காசு குடுத்து ஓடைக்குள்ள போட்ட கட்டை. மீனுக்கு."

கிறிஸ்ரியனின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "மீனுக்கோ?"

"ஓம், மீனுக்கு. நம்பர் அடிச்சிருக்குது, நீங்கள் பாக்கேல்லையே?"

"நான் அது ஏதோ விலையெண்டு நினைச்சனான்."

வெங்காயம் வெட்டிய பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மாக்கிறேட் சிரிக்கவில்லை. ஜீலோங் அவருக்கும் தெரியும். கத்தியை வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

"இப்ப என்ன செய்யலாம்?"

"திங்கக்கிழமை விடியிறதுக்கிடையில எல்லாம் அந்தந்த இடத்தில கிடக்கோணும். பெக்கோ ஓடாது. அந்த அளவுக் குழாய் டண்டினோங்கிலயும் கிடைக்கேல்லை. கையாலதான் தூக்கோணும்."

மாக்கிறேட் அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். "நாளைக்கு இங்க நானூறு பேர் சாப்பிட வருகினம். அண்ணை, கறிக்குப் பொறுப்பு நீங்கள்தானே? கட்டை தூக்க வாறவைக்கு முதல் பந்தி எண்டு சொல்லுங்கோ."

அடுத்த நாள் திருப்பலி முடிந்தது, மாதா சொரூபக் கூடு தோள்களில் வளவைச் சுற்றி வந்தது, கிறிஸ்ரியன் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் பிழையைத் தானே சொன்னார். சனம் சிரித்துச் சிரித்து முடிய இரண்டு நிமிடம் எடுத்தது. சாப்பிட்ட கையோடு கார்கள் வரிசையாகக் கிரான்பர்னுக்குப் புறப்பட்டன. லொறியில் பத்தொன்பது கட்டை, அதன் மேல் நாலு இளந்தாரிகள். ஓடைக்கரைக் கேற்றில் மாக்கிறேட் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பதிவுத் தாளோடு இருந்தார். பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. எழுதாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது.

"அன்ரி, நான் சும்மா பாக்கத்தான் வந்தனான்."

"பாக்கிறவை வீட்டில இருந்து பாக்கட்டும். கையெழுத்தை வை, கட்டையைத் தூக்கு."

தொண்ணூற்றேழு பேர். பட்டுச் சேலைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். ஆண்கள் நல்ல சப்பாத்துகளைக் கழற்றிப் புல்லில் வரிசையாக வைத்தார்கள். காலையில் கூடு சுமந்த அதே தோள்கள். அவர்களுக்கு அடி பிசகாமல் நடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டெஸ்மன்ட் திருநாள் சேட்டோடு ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று கையைக் காட்டினார். "பதினேழு இஞ்ச. தலைப்பு மேல பாக்கோணும். இன்னும் கொஞ்சம் கோணலா. கோணலாடா! நேரா வைக்காதை!"

தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்தது.

கரையில் யாரோ, கடலில் வலை இழுப்பவர் பாடும் அம்பாப் பாட்டை இழுத்தார்கள். வரி மட்டும் புதுசு.

"கிறிஸ்ரியன் அண்ணை கறி வைக்க... ஏலேலோ!"

"ஓடைக் கட்டை விறகாச்சு... ஏலேலோ!"

"மீனுக்குப் போட்ட வீட்டையெல்லாம்... ஏலேலோ!"

"ஆட்டுக்குப் போட்டு எரிச்சாச்சு... ஏலேலோ!"

கட்டை சுமந்து வந்த கிறிஸ்ரியனும் ஏலேலோ போட்டார். வேறு வழியில்லை. அடுக்கிய கற்களைப் பெண்கள் கலைத்தார்கள். கூட்டி அள்ளிய சருகை மூட்டை அவிழ்த்துத் திரும்பவும் கொட்டினார்கள். நேற்றுக் கூட்டியவர்களே இன்று கொட்டினார்கள். ஐந்து மணிக்குப் பத்தொன்பதாவது கட்டையும் கிடந்தது.

சனம் போன பிறகு கிறிஸ்ரியன் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார். "மச்சான், மூண்டுதானே குறையுது. என்ர பின்வளவில ஒரு மரம் நிக்குது. வெட்டி, நம்பர் அடிச்சுப் போடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

டெஸ்மன்ட் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடம் யோசித்தார். ஜீலோங் வீதி கண்ணுக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது.

"வேண்டாம் அத்தான். ஆர் சொன்னாலும் இந்த ஓடையை மூடினது என்ர கை. இப்ப திறக்கிற நேரத்தில கள்ளக்கட்டை போட ஏலாது."

ஹெலனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அழுகிறாளோ என்று டெஸ்மன்ட் பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை அதிகாரி வந்தார். உயரமான பெண், புதுப் பூட்ஸ், கையில் கணினிப் பலகை. ஹெலனும் டெஸ்மன்டும் கூட நடந்தார்கள். கிறிஸ்ரியன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குற்றவாளி மாதிரி கேற்றடியில் நின்றார். அதிகாரி வளைவுகளைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். நல்லது நல்லது என்று எழுதினார். கட்டைகளின் நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தவர் நின்றார். முப்பத்தொன்பது இருக்கிறது. மிச்சம் மூன்று எங்கே?

டெஸ்மன்ட் ஆங்கிலத்தில் சொன்ன பதிலைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "அதைச் சாப்பிட்டுவிட்டோம்."

"மன்னிக்கவும்?"

"ஆடு சமைத்தோம். நானூறு பேர். பிழை எங்களுடையது. இருபத்திரண்டு எடுத்தோம், பத்தொன்பதைத் திரும்ப வைத்தோம்."

அதிகாரி ஹெலனைப் பார்த்தார். ஹெலன் ஆகாயத்தைப் பார்த்தாள். அதிகாரி பதிவுத் தாளை வாங்கிப் புரட்டினார். மொத்தம் அறுநூற்று ஐம்பத்தைந்து மணி நேரம்.

"ஞாயிற்றுக்கிழமை தொண்ணூற்றேழு பேர், மூன்று மணி நேரம். என்ன செய்தார்கள்?"

"கட்டையைத் திரும்ப வைத்தார்கள்."

"சனிக்கிழமை?"

"காலையில் செடி நட்டார்கள். பின்னேரம் கட்டையை எடுத்தார்கள்."

"எடுத்ததும் இதே ஆட்கள்தானா?"

"ஓம்" என்றார் டெஸ்மன்ட், அவசரத்தில் தமிழிலேயே.

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு தாளில் கணக்குப் போட்டார். பிறகு சொன்னார். திரும்ப வைத்ததை வேலை என்று ஏற்கலாம். எடுத்ததை ஏற்க முடியாது. சனிக்கிழமைப் பின்னேரம் முப்பது பேர், இரண்டு மணி நேரம், அறுபதை வெட்டுகிறேன். மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. எரிந்த மூன்றுக்கும் மாதம் முடிய முதல் புதுக் கட்டை போட வேண்டும். அதை நிபந்தனையாக எழுதலாம். ஆனால் ஐந்து மணி நேரம் குறைகிறது. இன்று மாலை ஐந்து மணியோடு அறிக்கையை மூடுகிறேன்.

டெஸ்மன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி. திரும்பிக் கேற்றடியைப் பார்த்தார்.

"அத்தான்! மண்வெட்டியை எடுங்கோ."

கிறிஸ்ரியனுக்கு வயது ஐம்பத்தெட்டு, வயிறு தனி. பத்தே காலில் இருந்து மூன்றே கால் வரைக்கும் அந்த மனிதர் தனியே குனிந்து நாற்று நட்டார். டெஸ்மன்ட் சம்பளம் வாங்குகிற ஆள், அவருடைய மணி நேரம் கணக்கில் சேராது. ஆகவே அவர் கரையில் கதிரை போட்டு அமர்ந்து மேற்பார்வை செய்தார்.

"நேரா நடாதையுங்கோ அத்தான். கோணலா."

"நீ பேசாதை. முதுகு முறியுது."

"நேத்துப் பாடினனீங்கள்தானே, இண்டைக்கும் ஒரு ஏலேலோ போடுங்கோவன்."

"உன்ர ஏலேலோ! தண்ணியைத் தா முதல்."

மூன்றே காலுக்குக் கிறிஸ்ரியன் மண் கையோடு தாளில் கையெழுத்து வைத்தார். கைரேகையும் சேர்ந்து விழுந்தது. ஹெலன் அதைப் படம் எடுத்து அனுப்பினாள்.

அந்தப் புதன்கிழமை மழை. வியாழன் வேலைக்கு முன் டெஸ்மன்ட் பிளாஸ்கில் தேத்தண்ணீரோடு ஓடைக்கரைக்குப் போனார். முன்பு ஒரே பாய்ச்சலில் போன தண்ணீர், முதல் வளைவில் மோதித் திரும்பி, குழியில் நின்று, கட்டையைச் சுற்றி நுரை தள்ளி, அடுத்த வளைவை யோசித்து யோசித்துப் பிடித்தது. அவர் தேத்தண்ணீர் ஆறும் வரை பார்த்தார். பதினேழாம் கட்டைக்குப் பின்னால் விரல் மொத்தத்தில் ஒரு மீன், பிறகு இன்னொன்று. குழை போட்டால் வரும் என்று அவருக்குத் தெரியும்தான். ஆனாலும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எரிந்த மூன்றுக்கும் புதுக் கட்டையை மாதம் முடிய முதல் போட்டுவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டாம் கட்டம் சரி. அன்று இரவு மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். றொஷானி கடிதத்தை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள், நிபந்தனைகள் பக்கத்தில் நின்றுவிட்டாள். பதினோராவது நிபந்தனை புதிதாகச் சேர்த்தது. வாய்க்குள் புட்டோடு வாசித்து முடிக்க முடியாமல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

ஓடையில் இடப்பட்ட மரக்கட்டைகளை எவரும் எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுத்தல் ஆகாது.

மாக்கிறேட் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றிக் குசினியில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். டெஸ்மன்ட் கை கழுவிவிட்டு மச்சானுக்குப் போன் எடுத்தார். விசயத்தைச் சொல்லுமுன்பே அந்தப் பக்கம் குரல் வந்தது.

"வந்திட்டுதோ மச்சான்? அப்ப சொல்லு, புதுக் கட்டை எப்ப வந்து இறங்குது?"